ஒரு வேளைப் பால் காசு

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில், ஃபேட் பார்க்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் உளி வைத்துத் தட்டி ஓட்டை போட்டிருக்கிறோம். பச்சைப் பெயிண்ட்டில் 'பிள்ளைகளுக்கு' என்று எழுதியிருக்கும். பத்து நாளுக்கொரு தடவை பட்டுவாடா நடக்கும்போது, விருப்பப்பட்டவர்கள் ஒரு வேளைப் பால் காசை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். நூறும் விழும், பத்தும் விழும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று நோட்டு எழுதுவதில்லை.

ஊத்துக்குளி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெண்ணெய்தான் ஞாபகம் வரும். அந்த வெண்ணெய்க்குப் பால் கறக்கிறவர்களின் டப்பா இது. நமது இயக்கக் கூட்டத்துக்கு வந்த தோழர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க?" என்று கேட்டார். சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "இதை நம்ம இதழ்ல எழுதுங்க. நீங்க பண்ணின தப்பையும் மறைக்காம எழுதுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

காய்ச்சலில் தொடங்கியது

2011 ஆடி மாதம். நொய்யல் விவசாயிகள் போட்ட வழக்கில் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன வருசம் அது. நம்மைப் போன்றவர்களுக்கு அது வெற்றி. ஆனால் பனியன் கம்பெனிகளில் வேலை குறைந்துபோனது. என் மனைவி ஓவர்லாக் மிஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. எனக்கு நாலு ஏக்கர் தோட்டம், ரெண்டு எருமை, ஒரு கறவை மாடு. பருத்தியும் மஞ்சளும் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நான் இயற்கை விவசாயி இல்லை.

மகளுக்கு ஆறு வயசு. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். காய்ச்சல் வந்தது, விட்டது, மறுபடியும் வந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டைஃபாய்டு என்று ஊசி போட்டார்கள். மூணு வாரம் போயிற்று. "கால் வலிக்குதுப்பா" என்பாள். விளையாட்டில் விழுந்திருப்பாள் என்று எண்ணெய் தேய்த்துவிட்டோம். தொடையிலும் முதுகிலும் நீலநீலமாகத் தடம் வந்தது. எங்கள் ஆத்தாதான் முதலில் சொன்னது: "புள்ள மொகத்துல ரத்தமே இல்லையே சாமி, வெள்ளைப் பூசணி மாதிரி இருக்குது."

ரத்தம் சோதித்ததும் கோயமுத்தூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்: அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா. ரத்தப் புற்று. பிள்ளைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் அதிகம் வருவது இந்த ரகம்தானாம். நல்லாக்கிவிட முடிகிற நோய்களில் இதுவும் ஒன்று என்றார் டாக்டர். ஆனால் ரெண்டு, ரெண்டரை வருசம் விடாமல் மருந்து வேண்டும். முதல் மாதங்களில் ஊசியும் ஆஸ்பத்திரிப் படுக்கையும். அப்புறம் வீட்டில் இருந்தே தினமும் ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒரு தடவை இன்னொரு மாத்திரை.

சுடுகாட்டுப் பூ

முதல் மாதம் வாரா வாரம் ஒரு சின்ன ஊசி நரம்பில் ஏற்றுவார்கள். வின்கிரிஸ்டின் என்று பேர். அது ஏறின ரெண்டு மூணு நாளில் தாடை வலிக்கிறது என்று அழுவாள். கால் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து இழுத்து நடந்தாள். கோபத்தில் நர்ஸம்மாவிடம், "என்ன விஷத்தைங்க ஏத்தறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "விஷந்தாங்கண்ணா. நித்தியகல்யாணிச் செடியில இருந்து எடுக்கறது. அளவா ஏத்தறோம்" என்றது.

நித்தியகல்யாணி! எங்கள் பக்கம் சுடுகாட்டுப் பூ என்போம். வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. நம் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மானாவாரியில் இதைப் பயிர் பண்ணி, இலையும் வேரும் ஏற்றுமதியாகிறது. ஒரு துளி மருந்துக்கு மூட்டை மூட்டையாக இலை வேண்டும். சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாக இருந்த இந்தச் செடியை 1950-களில் கனடாவில் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை, எலியின் ரத்தத்தில் வெள்ளையணு குறைந்தது. அங்கிருந்து பிடித்துக்கொண்டு போய்த்தான் இந்த மருந்து வந்தது. 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் பசி எடுக்கும். நடுச்சாமத்தில் எழுப்பி வெண்ணெய் கேட்பாள். காய்ச்சாத பாலும் பச்சை வெண்ணெயும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பு. வெண்ணெய் ஊரில் பிறந்த பிள்ளைக்கு வெண்ணெய் இல்லை. ஆத்தா அதை உருக்கி நெய்யாக்கிச் சோற்றில் விட்டுப் பிசைந்து கொடுக்கும். கதித்தமலை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தோம். மருந்திலேயே முடி கொட்டிப்போச்சு. "முருகன் அவனே எடுத்துக்கிட்டான்" என்று சொல்லிச் சிரித்தாள் பாப்பா.

ஆறாவது மாதம் நோய் அடங்கியிருந்தது. மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள்.

நான் செய்தது

இனி எழுதப்போவதுதான் கஷ்டமானது.

2012 ஐப்பசி. பாப்பா நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தாள். தினமும் மாத்திரை. மாதம் ஒரு தடவை பாசஞ்சர் வண்டியில் கோயமுத்தூர். போகிற நாளெல்லாம் மனைவிக்குச் சம்பளம் போகும், எனக்குப் பண்ணையம் கெடும். மருந்துக்கு அரசுக் காப்பீடு இருந்தது. வண்டிச் சத்தம், சாப்பாடு, தங்கல், போன கூலி, இவற்றுக்கு ஒரு காப்பீடும் இல்லை. ஒரு எருமையை விற்றாயிற்று.

சொந்தத்தில் ஒருத்தர் ஒரு வைத்தியரைப் பற்றிச் சொன்னார். இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டு, பத்தியத்தோடு ஒரு பொடியும் சாறும். "நோய்தான் போயிருச்சே, இன்னும் எதுக்குப் புள்ளைக்கு விஷத்தைக் குடுக்கறே?" என்றார். எனக்கு அது ஞாயமாகப் பட்டது. மனைவி வேண்டாம் என்றாள். "டாக்டர் சொன்னது ரெண்டரை வருசம். இன்னும் பாதிதானுங்க ஆச்சு" என்றாள். நான் கேட்கவில்லை. ஏழு வாரம் மாத்திரையை நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது. ஊருக்குப் போயிருக்கிறோம் என்று பொய் சொன்னேன்.

தை மாதம் நோய் திரும்பி வந்தது. மறுபடி கோயமுத்தூர், மறுபடி ஊசி. இந்தத் தடவை மருந்துக்கு நோய் கட்டுப்படவில்லை. 2013 வைகாசியில் பாப்பா போய்விட்டாள். எட்டு வயசு முடிய ஒரு மாதம் இருந்தது.

டாக்டரிடம் ரெண்டு கேள்வி கேட்டேன். முதல் கேள்வி: "ஏனுங்க டாக்டர், நான் மாத்திரைய நிறுத்துனதுனாலயா?" அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒழுங்காச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் சில பேருக்குத் திரும்பி வருது. உங்க பிள்ளைக்கு எதனாலன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார். ரெண்டும் உண்மை. அமெரிக்காவில் பிள்ளைகளின் மாத்திரை டப்பா மூடியிலேயே கருவி வைத்து, எத்தனை தடவை திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. நூறு வேளையில் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடியிருந்தது. நூறில் அஞ்சு வேளை! நான் நிறுத்தியது ஏழு வாரம்.

ரெண்டாவது கேள்வி: "பருத்திக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிச்சிட்டு, அதே சட்டையோட வந்து புள்ளையத் தூக்குவேனுங்க. அதுனால வந்துருக்குமா?" அதற்கும் அவர் இதையே சொன்னார். பூச்சிக்கொல்லிக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கும் தொடர்பு தெரிவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒரு பிள்ளையைக் காட்டி, இதற்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த வருசமே மருந்தடிப்பதை நிறுத்தினேன். இன்று வரை பஞ்சகவ்யமும் பூச்சிவிரட்டியும்தான். ஆனால் தோழர்களே, இயற்கை விவசாயம் செய்தால் பிள்ளைக்குப் புற்று வராது என்று நான் எழுத மாட்டேன். வந்த புற்றை மூலிகை தீர்க்கும் என்றும் எழுத மாட்டேன். நம் மேடைகளில் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் என் கதையைப் படிக்கட்டும். நித்தியகல்யாணியும் மூலிகைதான். அதன் சாற்றைக் குடித்தால் ஆபத்து. எவ்வளவு, எந்த நாள், எந்தப் பிள்ளைக்கு என்று கண்டுபிடித்த பிறகுதான் அது மருந்தானது. அந்தக் கண்டுபிடிப்புக்குப் பேர்தான் ஆராய்ச்சி.

யார் காசில் நடந்த ஆராய்ச்சி?

ஆராய்ச்சி என்றாலே நமக்குக் கொஞ்சம் சந்தேகம். கம்பெனி விதையும் மரபணு மாற்றுப் பருத்தியும் அந்தப் பேரில்தானே வந்தன. மஞ்சளுக்கே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். அதை 1997-ல் ரத்து செய்ய வைத்தோம். ரத்தப் புற்று மருந்திலும் இதே சண்டை நடந்தது. இமாட்டினிப் என்ற மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி இங்கே காப்புரிமை கேட்டது. 2013 ஏப்ரல் 1-ந் தேதி உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. கம்பெனி விலையில் மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிற மருந்து, நம்மூர்த் தயாரிப்பில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. அந்த வழக்கில் நோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கமும் எதிர்த்து நின்றது.

ஆனால் என் மகளுக்குக் கொடுத்த மருந்துகளின் கதை வேறு. அதைத் தேடிப் படித்தபோதுதான் எனக்கு ஆராய்ச்சியின் மேல் இருந்த கசப்பு போனது.

அவள் வாரம் ஒரு தடவை சாப்பிட்ட மாத்திரை மெத்தோட்ரெக்சேட். அதன் பின்னால் இருப்பவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னதைக் கேட்டுக் கதர்த் துணியில் அறுவைச் சிகிச்சை அங்கி போட்டதால், பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். அண்ணன் தம்பி ரெண்டு பேரைச் சில நாள் இடைவெளியில் வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். மாமனார் திரட்டிய பணத்திலும் காக்கிநாடாப் பக்கம் ஒரு தரும நிதியின் உதவியிலும் 1922-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். போலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்கிற மருந்துகளை அவருடைய குழுதான் செய்து கொடுத்தது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்கு முதலில் போலிக் அமிலச் சத்தையே கொடுத்துப் பார்த்தார். களைக்கு யூரியா போட்ட மாதிரி நோய் கூடியது. அதைப் பார்த்துத்தான் எதிர் மருந்தைக் கேட்டு வாங்கினார். 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் அடங்கியது. 1948-ல் அதை வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் பிழைத்துவிடவில்லை. ஆனால் அடக்க முடியும் என்று அவர்களால்தான் தெரிந்தது.

மேலும் ஆராயப் பணம் வேண்டும். அதே 1948 மே 22-ந் தேதி வானொலியில் ஒரு பையன் பேசினான். புற்று வந்து ஃபார்பரிடம் சிகிச்சையில் இருந்தவன். நிசப் பேரை மறைத்து 'ஜிம்மி' என்றார்கள். வடக்கே மெய்ன் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவன் படுக்கைக்கு பேஸ்பால் வீரர்கள் வந்து பேசினார்கள். கேட்ட சனங்கள் அனுப்பிய பணம் 2 லட்சத்து 31 ஆயிரம் டாலர். அந்த நிதி இன்றும் நடக்கிறது. அந்தப் பையன் பிழைத்து, லாரி ஓட்டி, 1998-ல் 'நான்தான் ஜிம்மி' என்று வெளியே வந்தார்.

அடையாறில் பார்த்தது

2015 வைகாசியில் பாப்பா நினைவு நாளுக்குச் சோறு போடலாம் என்று எண்ணி, அப்புறம் அந்தக் காசை எதற்காவது கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. சொசைட்டியில் நாலு பேர் கூடச் சேர்ந்தார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நானும் ஒரு பங்காளியும் கொண்டுபோனோம்.

அந்த இடமே ஒரு சாவில் முளைத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கச்சி 1923-ல் குடல் புற்றில் இறந்துபோனார். தன் கண்ணெதிரே தங்கச்சி பட்ட பாட்டைப் பார்த்த அந்த அம்மா, முப்பது வருசம் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பேரில் வீடு வீடாக, ஊர் ஊராகப் பணம் சேர்த்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கையோடு திறந்தார்கள். மறு வருசம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும் வரைக்கும் அங்கேயே இருந்தார். குழந்தைகளின் புற்றுக்கென்று தனி வார்டு, இந்தியாவிலேயே முதல் தடவையாக அங்கேதான் 1960-ல் வந்தது.

ரத்தப் புற்றில் 1980-களின் தொடக்கம் வரை நம் நாட்டில் அஞ்சு பிள்ளையில் ஒரு பிள்ளைதான் நீண்ட நாள் பிழைத்தது. 1984-லிருந்து சென்னை, மும்பை, டெல்லி மூன்று இடத்திலும் ஒரே சிகிச்சை அட்டவணையைப் பின்பற்றத் தொடங்கினார்கள். எம்.சி.பி. 841 என்று பேர். ஒரே விதையை மூன்று ஊர் மண்ணில் போட்டு, மூன்று இடத்திலும் கணக்கு எழுதிப் பார்ப்பது போலத்தான். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கணக்கு 2005-ல் வெளிவந்தது. நோய் திரும்பாமல் நாலு வருசம் தாண்டியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். நோயில் மட்டுமல்ல, மருந்தின் கடுமையால் வரும் கிருமிக் காய்ச்சலிலும் பிள்ளைகள் போனது அந்தக் கணக்கில்தான் தெரிந்தது. அதைக் குறைக்க அடுத்தடுத்த வழி தேடினார்கள். வசதியான நாடுகளில் இன்று நூறுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் பிழைக்கின்றன. நம் பிள்ளைகளுக்கும் அது வர வேண்டும் என்பதுதான் இங்கே நடக்கிற ஆராய்ச்சி. அதற்குக் கண்ணாடிக் குழாய் மட்டும் போதாது. கணக்கு எழுதுகிறவருக்கும், "ஏம்மா இந்த மாசம் வரலை?" என்று போன் பண்ணிக் கேட்கிறவருக்கும் சம்பளம் வேண்டும். அந்தப் போனுக்குத்தான் நான் பொய் சொன்னேன்.

விதைக் கம்பு

ஊருக்கு வந்து இதைச் சொன்னதும் எல்லாரும் தலையாட்டிவிடவில்லை. "செத்த புள்ளைக்கு என்னப்பா ஆராய்ச்சி? அந்தக் காசுல இங்க நாலு புள்ளைக்கு நோட்டு வாங்கிக் குடு" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. ஆத்தாதான் பதில் சொன்னது: "பஞ்சத்துல புளியங்கொட்டைய அவிச்சுத் தின்னோம். அடுக்குப்பானையில இருந்த வெதக் கம்பத் தொடல. தொட்டிருந்தா நீ இங்க உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டே." அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

கடைசியில் டப்பாவைப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். வருசா வருசம் வைகாசியில் எண்ணுவோம். ஒரு பாதி அடையாறுக்கு. இன்னொரு பாதி, நம் சுற்றுவட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு இந்த நோய் வந்தாலும் வண்டிச் சத்தத்துக்கும் தங்கலுக்கும். சனிக்கிழமை சம்பள நாளில், மனைவி வேலை செய்யும் கம்பெனியில் செக்கிங் பெண்கள் ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். இப்போது திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில், நமக்கு நாமே திட்டத்தில் அரசும் மக்களும் பணம் போட்டுப் புற்றுநோய் சிகிச்சை மையம் ஒன்று எழும்பியதையும் பார்க்கிறோம். பக்கத்திலேயே சிகிச்சை கிடைத்தால் பாதியில் விடுகிறவர்கள் குறைவார்கள்.

2021-ல் ஒரு பையன். ஒரிசாவில் இருந்து வந்து பனியன் கம்பெனி லைன் வீட்டில் குடியிருக்கிற குடும்பம். நாலு வயசு. அதே காய்ச்சல், அதே நீலத் தடம். முதல் வாரமே ரத்தம் சோதிக்கச் சொன்னது என் மனைவி. ஆறாவது மாதம் முடிந்து பையன் ஓடியாட ஆரம்பித்ததும், அவன் அப்பன் ஊருக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டினான். நான் போய் உட்கார்ந்து, அரைகுறை இந்தியிலும் தமிழிலும் என் கதையைச் சொன்னேன். முழுசும் புரிந்ததோ என்னவோ, அழுதான். போகவில்லை. மாசா மாசம் டப்பாக் காசில் டிக்கெட். மாத்திரைக்குச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, தின்ன நாளெல்லாம் அவனையே வட்டம் போட வைத்தோம். 2023-ல் மாத்திரை முடிந்தது. இன்னும் சில வருசம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பார்ப்போம்.

படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளைக்கு ரெண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், முகம் வெளுத்தால், அடிபடாமல் நீலத் தடம் வந்தால், கால் எலும்பு வலி என்றால், கழுத்தில் நெறி கட்டினால், ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். நோய் உறுதியானால் முழு அட்டவணையையும் முடியுங்கள். பிள்ளை நன்றாகத் தெரிகிற நாளிலும் மாத்திரை வேண்டும். வேறு எதையாவது சேர்த்துக் கொடுப்பதானால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். உங்கள் ஊரில் ஒரு குடும்பம் இதில் சிக்கினால், "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகாமல், அந்த மாதம் கோயமுத்தூருக்கு யார் கூடப் போவது, அவர்கள் மாட்டை யார் கறப்பது என்று பேசுங்கள். ரத்தமும் தட்டணுவும் கொடுக்க ஆள் சேருங்கள். தட்டணு அஞ்சு நாளைக்கு மேல் தாங்காது, அதனால் அது எப்போதும் தேவை.

பாப்பாவைத் தோட்டத்து வடமூலையில் வைத்திருக்கிறோம். யாரும் நடவில்லை, அங்கே நித்தியகல்யாணி முளைத்துப் படர்ந்திருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள், "புடுங்கிப் போடட்டுங்களா?" என்று கேட்பார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.